இடது சிலிண்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கையில் கிரீஸ் ஒட்டாத ஒரு மாலை வாய்க்கட்டும், நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு என் மோட்டார் சைக்கிளில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டையும் ஏற்றி முடித்தாயிற்று. கையைக் கழுவிவிட்டு நேராக உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா என்று நீ எழுதவே இல்லை. எதுவாக இருந்தாலும் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை ஒரு நாள்கூட விடாதே. கிக்கர் உதைக்கிற கால் அது. இங்கே நாங்கள் நலம். மகள் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. அதனாலோ என்னவோ, இந்தக் குளிர்காலம் முழுக்க என் சாயங்காலங்கள் கொட்டகையில்தான் போகின்றன.

உன் மோட்டார் சைக்கிளைப் பற்றி உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி மட்டும் என்னை விடவில்லை. "அஞ்சு வருஷமா நிக்குது, இன்ஜின் போயிருக்கும், வந்த விலைக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் என் வண்டிக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தின் கடைசியில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்: இன்ஜின் போயிற்று.

என்னுடையது 1972ஆம் வருடத்து ஹோண்டா சிபி350 என்பது உனக்குத் தெரியும். இப்போது இதே பெயரில் ஒற்றை சிலிண்டர் வண்டி வருவதால் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இது பழையது, 325 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். ஒரு பிஸ்டன் மேலே போகும்போது மற்றது கீழே வரும். அதனால்தான் மெதுவாக ஓடும்போது அந்தச் சத்தத்தில் ஒரு நொண்டல் கேட்கும். நிமிடத்துக்கு 10,500 சுற்றில் 36 குதிரைசக்தி என்று அந்தக் காலத்தில் கம்பெனி சொன்ன வண்டி. அதை முறுக்கினால்தான் அதற்கே சந்தோஷம்.

மக்கர் பண்ணியது இடது சிலிண்டர். ஆக்சிலேட்டரைத் திருப்பாமல் ஸ்லோவில் விட்டால் தும்மித் தும்மி அணையும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல இழுக்கும். ஐம்பது வயது தாண்டிய இன்ஜின், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டியிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். குளிர்காலத்தில் இன்ஜினை இறக்கிப் பிரிப்பது என்று பெரிய திட்டமே போட்டுவிட்டேன். கேஸ்கெட் செட்கூட வாங்கி வைத்தாயிற்று.

நல்லவேளை, பனி விழுவதற்கு முன் கடைசியாக ஓட்டி வந்த அன்று, இன்ஜின் சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்பதை, பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு உதைத்துப் பார்த்தேன். வலது பக்கம் 160 பிஎஸ்ஐ, இடது பக்கம் 155. இவ்வளவு நெருக்கமாக வந்தால் ரிங்கின் மேல் பழிபோட வழியே இல்லை. கையில் இருந்த பிளக்குகளைப் பார்த்தேன். வலது பக்கத்து பிளக் நல்ல பழுப்பு நிறம். இடது பக்கத்தது வெள்ளை. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போனால் பிளக் அப்படி வெளுக்கும். அதுவும் ஸ்லோவில் மட்டும் கோளாறு என்றால் முதல் சந்தேகம் பைலட் ஜெட் மேல்தான். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது அந்த முடி அளவு ஓட்டை வழியாகத்தான்.

அந்த ஐந்து நிமிடச் சோதனை எனக்கு ஒரு குளிர்காலத்தையே மிச்சப்படுத்தியது. இன்ஜினை இறக்கியிருந்தால், தேயாத ரிங்கை மாற்றி, அசையாமல் இருந்த மரைகளையெல்லாம் அசைத்து, கடைசியில் அதே தும்மலோடு திரும்ப ஏற்றியிருப்பேன்.

அப்புறம் பனி வந்துவிட்டது. அவசரம் போய்விட்டது. பழைய வண்டிக்கு வேலை செய்ய இதைவிட நல்ல காலம் கிடையாது என்று நான் மனசாரச் சொல்வேன். வெயில் காலத்தில் ஒரு ஸ்க்ரூ இறுகிப்போயிருந்தால், நாளைக்கு ஓட்ட வேண்டுமே என்று பல்லைக் கடித்துத் திருகுவோம், அது உடையும். இப்போது எண்ணெய் விட்டு ஒரு வாரம் விட்டுவைத்தாலும் கேட்க ஆள் இல்லை. சைலன்சர் பிடித்திருக்கும் நட் ஒன்று அப்படித்தான் இருந்தது. தினமும் ஒரு சொட்டு எண்ணெய், நடுநடுவே கொஞ்சம் சூடு. ஐந்தாம் நாள் தானாக வந்ததுபோல வந்தது.

இன்ஜின் பக்கவாட்டு மூடிகளின் ஸ்க்ரூ விஷயம் உனக்கும் உபயோகப்படும், உன் தம்பி வீட்டிலும் ஜப்பான் வண்டி ஒன்று இருக்கிறதே. பார்த்தால் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தக் கால ஜப்பான் வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டியது. நம் ஸ்டார் டிரைவர் அதன் அடிவரை போய் உட்காராது. திருகும்போது மேலே ஏறி வழுக்கி, தலையை மென்றுவிடும். இத்தனை வருடம் என் வண்டியின் ஸ்க்ரூ தலைகள் எல்லாம் மழுங்கிக் கிடந்ததற்கு நான் உலோகத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான டிரைவர் வாங்கி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் வெண்ணெயில் கத்தி போவதுபோல வருகிறது. மழுங்கியவற்றை, சுத்தியலால் அடிக்கும்போதே திருகும் இம்பாக்ட் டிரைவர் வைத்து எடுத்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒவ்வொரு நீளம் என்பதால், அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே இடத்தில் குத்தி வைத்தேன். இதை நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா?

கார்புரேட்டரைத் திறந்தபோது அடியில் வார்னிஷ் மாதிரி மஞ்சள் படலம். நின்றுபோன பெட்ரோலில் லேசான பகுதியெல்லாம் ஆவியாகிப்போய் மிச்சம் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்திருந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இடது பைலட் ஜெட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், வெளிச்சமே தெரியவில்லை. கிளீனரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை எடுத்து மெதுவாக நுழைத்தேன். எஃகுக் கம்பியை மட்டும் விடவே கூடாது, பித்தளை ஓட்டையை அது அகலமாக்கிவிடும். பிறகு காற்றடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒரு வட்ட வெளிச்சம். இருபது வயதில் வண்டி முதல் உதையில் கிளம்பினால் ஒரு சந்தோஷம் வருமே, அதே சந்தோஷம்.

ஆனால் அதோடு முடியவில்லை. கார்புரேட்டரையும் சிலிண்டர் ஹெட்டையும் இணைக்கும் ரப்பரைக் கையில் எடுத்தேன். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருந்தது. விரலால் வளைத்ததும் உள்பக்கம் விரிசல் வாயைப் பிளந்தது. ரப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டது. அந்த விரிசல் வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிளக் வெளுத்ததற்கு ஜெட் பாதிக் காரணம், இது மீதி. ஜெட்டோடு நிறுத்தியிருந்தால் வண்டி பாதி சரியாகி என்னைக் குழப்பியிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் புது ரப்பர் போட்டுவிட்டேன்.

கை வைத்ததுதான் வைத்தோம் என்று வேறு சில வேலைகளும் நடந்தன. இந்த இன்ஜினில் காகித ஃபில்டர் கிடையாது. ஆயிலைச் சுழற்றி, அழுக்கைச் சுவரில் ஒதுக்கும் ஒரு கிண்ணம்தான் ஃபில்டர். அதைத் திறந்தால் கரும் களிம்பு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. வால்வுகளுக்கு விட்டுவைக்கும் டேப்பெட் இடைவெளியும் பார்த்தேன். இன்லெட் 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.10. குளிர்ந்த இன்ஜினில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். இங்கே இருக்கும் குளிருக்கு அந்தக் கவலையே இல்லை.

பிளக்கில் பொறி விழும் நொடியைத் தீர்மானிக்கும் பாயிண்ட்டை வைக்கும்போதுதான் உன் ஞாபகம் அதிகமாக வந்தது. இப்போது நான் ஒரு சின்ன பல்பை இணைத்து வைத்து, அது எரியும் நொடியைப் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு நம்மிடம் பல்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாயிண்ட்டுக்கு நடுவே மெல்லிய தாளைச் செருகி நீ லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்வாய். நான் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன். தாள் நழுவும் நொடியில் "விட்டுச்சு!" என்று நீ கத்துவாய். அந்தக் குறி எத்தனை முறை பார்த்தாலும் துல்லியமாக இருந்தது. இந்த வாரம் பல்பால் வைத்துவிட்டு, சும்மா ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன். ஒரே ஆள் இழுக்கவும் திருப்பவும் பெரும்பாடாகிவிட்டது. ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்தன.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நன்றாகச் சூடாகும் அளவுக்கு வண்டி ஓடினால் அது பறந்துவிடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கித் துருவாகும். மூடிய அறையில் ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு வேறு, அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. நிறுத்துவது என்றால் முழுசாக நிறுத்து. நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்று, பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் பேரிங்குகளை அரிக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடு. சார்ஜ் இறங்கிய பேட்டரி சில டிகிரி உறைபனிக்கே உள்ளே உறைந்து விரிசல் விட்டுவிடும். முழுச் சார்ஜில் இருப்பது கடும் குளிரையும் தாங்கும்.

சரி, இப்போது உன் வண்டி. தயவுசெய்து அதைப் போய் உதைக்காதே, உன் முழங்காலுக்காகவும் அதற்காகவும். முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் சும்மா விடு. பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார். அசைந்தால் உன் இன்ஜின் போகவில்லை. அசையவில்லை என்றாலும் முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் ஒரு வாரம். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார். வார்னிஷ் வாசனை வந்தால் அந்தப் பெட்ரோலை முழுக்க எடுத்துவிடு. உள்ளே துரு இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் பூச வேண்டும், இல்லையென்றால் ஒரே இரவில் திரும்பத் துருப்பிடிக்கும். டயர் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு எண்ணையும் பார்த்து எழுது. 3412 என்று இருந்தால் 2012ஆம் வருடத்தின் 34ஆவது வாரம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட டயரில், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், நீ ஏறக் கூடாது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் வில், நான் தடுக்க மாட்டேன். பார்க்காமலே "போயிருக்கும்" என்று சொல்லி விற்காதே. நாம் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டிய வண்டி அது. மழையில் நடு ரோட்டில் ஒரு தடவைகூட நம்மைக் கைவிட்டதில்லை.

என் வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்பாய். இன்னும் இல்லை. பெட்ரோல் ஊற்றவே இல்லை. ஓட்ட முடியாத நாளில் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று உனக்குச் சொல்லிவிட்டு நானே செய்ய மனசு வரவில்லை. பனி உருகுவதற்காகச் சாலையில் போட்டிருக்கும் உப்பை இரண்டு நல்ல மழை கழுவட்டும். அந்த உப்புத் தண்ணீர் ஸ்போக்ஸையும் ரிம்மையும் ஒரே வாரத்தில் தின்றுவிடும். மழை நின்ற மறுநாள் காலை உனக்கு ஃபோன் பண்ணுகிறேன். எதுவும் பேச மாட்டேன், சைலன்சருக்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடிப்பேன். இடது பக்கம் சரியாக அடிக்கிறதா என்று நீ கேட்டுச் சொல். உன் காதுமேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

பிளக்கைக் கழற்றியதும் அதன் நிறம் என்ன என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி