பெங்களூருவில் இருப்பவர் மீதான ஜீவனாம்ச வாரண்டை நிறைவேற்றக் கோரி மனு

அனுப்புநர்:
மனுதாரர் (பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: மகளின் ஜீவனாம்சப் பாக்கி – வெளிமாநில வாரண்டு நிறைவேற்றப்படாமல் திரும்பியது – நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் தரும்படி குடும்ப நல நீதிமன்றம் 2022-இல் அவளுடைய அப்பாவுக்கு உத்தரவிட்டது. சில மாதங்கள் கட்டினார். அப்புறம் பெங்களூருவில் வேலை தேடிக்கொண்டு போனார், பணமும் நின்றுவிட்டது. மனு போட்டு வாரண்டு வாங்கினேன். 'மேற்படி விலாசத்தில் ஆள் இல்லை' என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது. நிலையத்தில் கேட்டால், "கர்நாடகாவுக்கெல்லாம் போக முடியாதும்மா, ஆள் பத்தாது" என்கிறார்கள்.

ஆள் பற்றாக்குறை புரிகிறது. ஆனால் வாரண்டை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் நிறைவேற்றலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஊர்க் காவல் ஆணையருக்குத் தபாலிலேயே நீதிமன்றம் அனுப்ப 80-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. 147-ஆம் பிரிவுப்படி பெங்களூரு நீதிமன்றத்திலேயே நான் மனு போடலாம் என்று வக்கீல் சொன்னார். போடலாம்தான். கார்மெண்ட்ஸில் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அங்கே இன்னொரு வக்கீலுக்கு எங்கே போவேன்? பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் கேட்டால்தான் வாரண்டு என்பதால், இங்கேயே புதுப் பாக்கிக்குப் புது மனு, புதுச் செலவு என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் ஒளிந்துகொண்டும் இல்லை. வாரண்டில் இருப்பது காலி செய்துவிட்ட பழைய வாடகை வீடு. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்த ஆண்டுவிழாப் போட்டோவைப் போன மாதம்கூட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அந்தக் கம்பெனி முகவரியை நிலையத்தில் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அவரைச் சிறையில் அடைப்பது என் நோக்கமல்ல. சிறைக்குப் போனாலும் பாக்கி தீராது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர், போலீஸ் வந்து நின்றால் கட்டிவிடுவார்.

ஆகவே, நீதிமன்றம் மறுபடி பிறப்பித்துள்ள வாரண்டைக் கம்பெனி முகவரியோடு பெங்களூரு மாநகரக் காவல் ஆணையருக்குத் தங்கள் அலுவலகக் கடிதம் வைத்து அனுப்பவும், முடிந்தால் ஒரு காவலரை நேரில் அனுப்பவும் வேண்டுகிறேன். நிறைவேறாவிட்டால், யார், என்று, எங்கே போய்த் தேடினார்கள் என்பதையாவது அடுத்த வாய்தாவுக்குள் நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு: உத்தரவு நகல், திரும்பிய வாரண்டின் நகல், பாக்கிக் கணக்கு, கம்பெனி முகவரி.

இப்படிக்கு,
மனுதாரர்