மும்பையா, தில்லியா? முதலில் ரயில் தடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையையும் தில்லியையும் ஒப்பிடும் பேச்சு வந்தாலே, மும்பைக்காரர்கள் உதவுவார்கள், தில்லிக்காரர்கள் அதட்டுவார்கள் என்று இரண்டு வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வீடு பார்ப்பது என்று முழிக்கும் பிள்ளைகளுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அந்த ஊர்களில் யாரோடு பழகுகிறோம், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறோம் என்பதைப் பெரும்பாலும் ரயிலும் வீட்டின் அளவும்தான் முடிவு செய்கின்றன. குணமெல்லாம் அப்புறம்.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். அங்கே ‘லோக்கல்’ எனப்படும் புறநகர் ரயிலின் தடங்கள் இவை: சர்ச்கேட்டிலிருந்து விரார் பக்கம் மேற்குத் தடம், சிஎஸ்எம்டி எனப்படும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து தாணே, கல்யாண் பக்கம் மத்தியத் தடம், பன்வேல் பக்கம் ஹார்பர் தடம். வீடு மேற்கிலும் அலுவலகம் மத்தியத்திலும் அமைந்துவிட்டால் தினமும் இரண்டு முறை தாதர் நடைமேம்பாலத்தில் நெரிபட வேண்டியதுதான். வாடகை இரண்டாயிரம் குறைகிறது என்று தடம் மாறிப் போய் வீடு எடுக்காதீர்கள். போரிவலி, தாணே போல, அங்கிருந்தே கிளம்பும் வண்டிகள் உள்ள நிலையமாகப் பார்த்தால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். மாட்டுங்கா என்று முகவரி கொடுத்தால் எந்த நிலையம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியத் தடத்தில் மாட்டுங்கா, மேற்கில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள். முதல் இரண்டிலும் ஃபாஸ்ட் வண்டி, அதாவது சில நிலையங்களில் மட்டும் நிற்கும் வண்டி, நிற்காது.

மாலை நெரிசலில் அந்தேரியில் இறங்க வேண்டியவர் விரார் ஃபாஸ்ட்டில் ஏறக்கூடாது. விரார் வரை போகிறவர்கள் வாசலை அடைத்து நிற்பார்கள், நகரமாட்டார்கள். இதைத்தான் புதிதாக வந்தவர்கள் முரட்டுத்தனம் என்று எழுதுகிறார்கள். வண்டி நிற்பது அரை நிமிடம்கூட இல்லை. வழிவிடக் கீழே இறங்கினால் அவர்கள் மறுபடி ஏற முடியாது. அதே ஆட்கள்தான் மூன்று பேர் பெஞ்சில் ஒதுங்கி நான்காவது ஆளுக்கு ஓரம் கொடுக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு அவர் இடத்தைத் தனக்கென்று சொல்லிவைப்பதும் அங்கே எழுதாத சட்டம்.

லோக்கலுக்குப் பெயரே நேரம்தான். 8.12 என்றால் 8.12. வருஷக்கணக்காக ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே வாசல் என்று ஏறுவதால் முகங்கள் பழகிவிடுகின்றன. பஜனை கோஷ்டி, தசராவுக்கு முன் பெட்டிக்குத் தோரணம் கட்டிப் பூஜை, பெண்கள் பெட்டியில் மஞ்சள் குங்குமம் எல்லாம் இப்படி வந்தவைதான். ஆனால் பத்து வருஷ ரயில் சிநேகிதரின் வீட்டை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் ஏராளம். ஒரு அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள ‘ஒன் ஆர்.கே.’ வீட்டில் விருந்தாளியை எங்கே உட்கார வைப்பது? அதனால்தான் சந்திப்பெல்லாம் கட்டிங் சாயா (அரை கிளாஸ் டீ) கடையிலும் மரீன் டிரைவ் சுவரிலும் சிவாஜி பார்க் கட்டைச் சுவரிலும் நடக்கிறது.

தில்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. சுத்தம், குளிர்ச்சி, சில நிமிடத்துக்கு ஒரு வண்டி. அதுவே சிநேகிதத்துக்கு இடைஞ்சல். இந்த வண்டி போனால் அடுத்தது என்பதால் நேற்றைய முகம் இன்று அகப்படாது. அங்கே பழக்கம் காலனிக்குள் வளர்கிறது. பூங்கா நடை, குடியிருப்போர் சங்கம், ஜனவரியில் மொட்டை மாடி வெயிலில் கடலையும் கஜக் என்ற எள்ளு மிட்டாயும் கொறித்தபடி அரட்டை. வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதில் தில்லிக்காரர்களை மிஞ்ச முடியாது. சிக்கல் நேரக் கணக்கில்தான். சாப்பாடு வருவதற்கே ஒன்பதரை, பத்து ஆகும். மெட்ரோ பதினொரு மணிவாக்கில் அடங்கிவிடும். மும்பையில் லோக்கல் ஒரு மணி சுமாருக்கு நின்று நாலு மணிவாக்கில் மறுபடி தொடங்கிவிடும். சொந்த வண்டி இல்லாதவருக்கு இந்த இரண்டு மணி நேர வித்தியாசம் பெரிது. தில்லிக் கல்யாணப் பத்திரிகையில் எட்டு மணி என்று இருக்கும், மாப்பிள்ளை ஊர்வலம் பத்தரைக்கு வரும். மண்டபத்தில் சாட் (நொறுக்குத் தீனி) கடைகள் முன்பே திறந்துவிடும். சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை முகம் பார்க்காமலே மெட்ரோ பிடிப்பதில் தப்பில்லை, பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

செலவுக் கணக்கும் வேறு. மும்பை லோக்கலுக்கு மாதச் சீட்டு உண்டு, எத்தனை முறை போனாலும் ஒரே தொகை. தில்லி மெட்ரோவில் மாதச் சீட்டு கிடையாது. ஸ்மார்ட் கார்டுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, நெரிசல் இல்லாத நேரத்தில் இன்னும் பத்து, அவ்வளவுதான். ஆகவே தில்லியில் தூரம் தினமும் பணம் கேட்கும்.

வீட்டு விஷயத்தில் ஏமாறுவது சின்ன இடங்களில்தான். மகாராஷ்டிராவில் பதினொரு மாத ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும், 1999 வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு என்று தரகர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சதுர அடி பேசும்போது கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உள்ளே புழங்கும் தரையின் அளவைக் கேளுங்கள். தில்லியில் தனி மின்மீட்டரா, வீட்டுக்காரரின் உபமீட்டரா என்று பாருங்கள். உபமீட்டரில் யூனிட்டுக்கு அவர் சொன்னதே விலை. இரண்டு ஊரிலும் கடைசி மாடி வாடகை குறைவுதான். மும்பையில் ஜூலையில் கூரை ஒழுகும், தில்லியில் மே மாதம் கூரை இரவெல்லாம் கொதிக்கும். தில்லிக்குப் போகிறவர்கள் முதலில் வாங்குவது ஏர்கூலர். மே, ஜூனில் காற்று காய்ந்திருப்பதால் அது அருமையாக வேலை செய்யும். ஜூலையில் மழைக்காற்று வந்ததும் அறையைப் புழுங்கடிக்கும், ஏ.சி. இல்லாமல் முடியாது. கடல் ஈரத்தில் கிடக்கிற மும்பையில் கூலரே வேண்டாம், கொடியில் துணி காய வைக்க மின்விசிறிதான் வேண்டும்.

பேச்சில் ஒன்று. தில்லியில் கடைக்காரரை ‘பையா’ (அண்ணா) என்றால் மரியாதை. மும்பையில் அந்தச் சொல் வடநாட்டாரைக் குத்துவதாகப் போய்விடும், ‘பாவு’ அல்லது ‘பாஸ்’ என்று கூப்பிடுங்கள். மும்பையில் சகஜமாகப் புழங்கும் ‘தூ’ (நீ) தில்லியில் சண்டையில் முடியும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் தில்லியில் ஒரு வசதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் தமிழைப் பாடமாகப் படிக்கலாம். அந்தப் பள்ளி எந்தக் காலனியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு வீட்டுத் தரகரிடம் போங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
மாட்டுங்கா, மும்பை - கரோல்பாக், புது தில்லி