சயாம் மரண ரயில்: பெயரில்லாத நம்மவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு போட்ட ரயில் பாதைதான் சயாம் மரண ரயில். கடந்த மாதம் தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனாபுரி போர்க் கல்லறைக்குப் போயிருந்தேன். வெட்டிவிட்ட புல்வெளியில் சுமார் 7,000 நேச நாட்டுக் கைதிகளின் கல்லறைகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. ஒன்றில் 22 என்றிருந்தது. கைகூப்பிவிட்டு வந்தேன்.

ஆனால் என் தாத்தாவின் பெயரை எங்கே போய்த் தேடுவது? 1943இல் மலாயாவின் ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஜப்பானியர் அவரை அந்தப் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட கைதிகள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். கைதிகளின் கணக்கை அவர்களின் அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து எழுதி ஒளித்து வைத்தார்கள். நம்மவர்களுக்குக் கணக்கெழுத ஆளில்லை. போருக்குப் பின் தேடவும் எந்த அரசும் முனையவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாடநூலில் இதற்கு ஓர் அத்தியாயமாவது வேண்டும். தோட்டக் குடும்பங்களிடம் இன்னும் மிஞ்சியிருக்கும் பெயர்களைத் தேசிய ஆவணக் காப்பகம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தாத்தாவின் பெயரை எழுதிக்கொடுக்க நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈப்போ