ஒரே நாளில் உரம் ஆகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மக்கும் குப்பையை 24 மணி நேரத்தில் உரமாக்குவதாகக் கூறி விற்கப்படும் இயந்திரங்களை வாங்குமுன் உள்ளாட்சி அமைப்புகள் சற்று நிதானிக்க வேண்டும். இவற்றில் பல, குப்பையை அரைத்துச் சூடேற்றி ஈரத்தை வெளியேற்றுகின்றன. எடையும் நாற்றமும் குறைவது உண்மைதான். ஆனால் கிடைப்பது உலர்ந்த உணவுத் துகளே தவிர மட்கிய உரம் அன்று. நீர் பட்டதும் அது மீண்டும் அழுகத் தொடங்கும். அப்போது உண்டாகும் கரிம அமிலங்களும் அம்மோனியாவும் முளைவிடும் விதையைக் கெடுக்கும்.

மட்குதல் நுண்ணுயிர்களின் வேலை. கார்பன் நைட்ரஜனைப்போல் 25 முதல் 30 மடங்கும், ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடும் இருந்து, காற்றும் தடையின்றிக் கிடைத்தால், குவியல் தானாகவே சூடேறும். திறந்தவெளி வரிசைக் குவியலில் 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பம் 15 நாட்கள் நீடிக்க வேண்டும் என்றும், அதற்குள் ஐந்து முறையேனும் கிளற வேண்டும் என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகள் சொல்வதற்குக் காரணம், குளிர்ந்த வெளிப்புறத்தில் நோய்க்கிருமிகள் தப்பிவிடும் என்பதே. குழாய்வழி காற்று செலுத்தும் குவியலிலும் மூடிய கலத்திலும் இதே வெப்பம் மூன்று நாட்கள் நீடித்தால் போதும். இடம் குறைந்த நகரங்களுக்கு இவை ஏற்றவை. மண்புழு உரம் சிறிய அளவுக்கு நல்லது. எனினும் ஏறத்தாழ 35 டிகிரிக்கு மேல் புழுக்கள் தாங்கா என்பதால், குப்பையை முதலில் சூடேறவிட்டு ஆறிய பின்னரே அவற்றிடம் விட வேண்டும்.

எந்த முறையானாலும், சூடு தணிந்தபின் சில வாரங்கள் முதிரவிடும் கட்டம் தவிர்க்க முடியாதது. இடமும் பணமும் மிச்சமாகும் என்று முதலில் வெட்டப்படுவதும் அதுவே. வீட்டிலேயே தரம் பிரிக்காத குப்பைக்கோ முதிர்ச்சியும் உதவாது; கண்ணாடிச் சில்லைச் சலித்து எடுக்கலாம், பேட்டரியிலிருந்து கசிந்து கலந்த கன உலோகத்தை எந்தச் சல்லடையும் பிரிக்காது.

ஆகவே ஒப்பந்ததாரருக்கு உள்ளே கொட்டிய குப்பையின் டன் கணக்கில் பணம் தருவதை நிறுத்தி, வெளிவரும் உரத்தின் முதிர்ச்சியைச் சோதித்துத் தர வேண்டும். நனைத்துக் கிளறிய குவியல் மீண்டும் சூடேறுகிறதா (சூடேறினால் அது இன்னும் முதிரவில்லை), அந்த உரத்தில் விதை ஒழுங்காக முளைக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வகம்கூடத் தேவையில்லை. இந்த இரண்டு சோதனைகளையும் ஒப்பந்த நிபந்தனையில் சேர்க்குமாறு உள்ளாட்சி அமைப்புகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்