ஆடித் திருவிழாவும் நம் பிள்ளைகளின் வருகைப் பதிவும்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. முதல் இடைத்தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இந்த ஆண்டும் மனநிறைவு தந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியிலிருந்து பிள்ளைகள் கோப்பையோடு திரும்பினார்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவிச் சுத்தம் செய்தாயிற்று. ஜூலை 27, கலாம் ஐயாவின் நினைவு நாளன்று மாணவர்கள் பேக்கரும்பு நினைவிடத்துக்குப் போய் மலர் தூவி வந்தார்கள். உடன் வந்த பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் நன்றி.

அப்புறம், ஆடித் திருக்கல்யாணம் நெருங்கிவிட்டது, ஆடி அமாவாசையும் வருகிறது. ராமேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி தீர்த்தக் கரையில் விடியும் முன்பே கால் வைக்க இடம் இருக்காது. இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராட வரிசை நிற்கும். சங்குக் கடை, பாசிமணிக் கடை, இட்லிக் கடை, ஆட்டோ என்று பல வீடுகளுக்கு வருமானம் வருவது இந்தச் சில நாட்களில்தான். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில் வாங்கிய கடனை இப்போதுதான் அடைக்க முடியும் என்று சில தாய்மார்கள் என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், எந்த நாள் அமாவாசை என்பதைக் காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடலாம். முந்தின நாள், அன்று, மறுநாள் என்று வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிவிடுகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை இப்படித்தான்.

போன மாதம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாளாக வரவில்லை. நானும் வகுப்பாசிரியரும் வீட்டுக்குப் போனோம். அங்கே இல்லை. கடைசியில் தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயச் சுவரின் பக்கத்தில் அவனைப் பார்த்தோம். புத்தகப்பை சங்குக் கடைப் பலகைக்குக் கீழே கிடந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்றுக்கு அவன் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தான். பாதி தமிழ், பாதி இந்தி. என்ன குரல், என்ன கையசைவு! வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி வாசிக்கத் தயங்குகிற பிள்ளை அவன். ஆனால் அவன் சொன்னது அத்தனையும் தப்பு. அந்தச் சுவரைக் காட்டி இதுதான் ரயில்வே ஸ்டேஷன் என்றான். ஸ்டேஷனில் நின்ற ரயிலை அலை இழுத்துக்கொண்டு போனது என்றான். அந்த அம்மா ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார். வாங்கிச் சட்டைப்பையில் வைக்கும்போதுதான் எங்களைப் பார்த்தான்.

1964 டிசம்பர் 22 இரவு, புயலில், பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு வந்து சேரவே இல்லை. வரும் வழியிலேயே கடல் கொண்டுபோனது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அன்று ஊரில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ராத்திரியைப் பற்றித் தப்பாகச் சொல்லிக் காசு வாங்குவது எனக்கு வலிக்கிறது. ஆனால் பையன்மேல் கோபமில்லை. சரியாகச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாங்கள். அவன் வகுப்பில் இருந்தால்தானே சொல்லித்தர முடியும்?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்குக்கூட, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும்தான் 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. வழி காட்டுவதற்காக முன்பின் தெரியாதவர்களின் காரில் பிள்ளையை ஏற்றி, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை அனுப்புவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் அன்று பள்ளி இல்லை. மற்ற எல்லா நாளும் பள்ளி உண்டு. காரணமில்லாமல் இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்கு வருவார்.

கலாம் ஐயாவும் பேப்பர் போட்டுத்தானே படித்தார் என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் விடியற்காலையில் பேப்பர் போட்டுவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போனார். மாலையில் கடைக்கு உதவுங்கள், ஞாயிற்றுக்கிழமை உதவுங்கள் என்றுதான் நானும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களிடம் நம் பிள்ளைகள் ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் ஆசையும்கூட. ஆகவே வருகிற சனிக்கிழமைகளில் சமூக அறிவியல் ஆசிரியர் ஊர் வரலாறு சொல்லித்தருவார். ராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்கள், அதைக் கட்டி முடித்த சேதுபதி மன்னர்கள், 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய குந்துகால், எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து ரயிலிலும் கப்பலிலுமாகக் கொழும்பு வரை போன போட் மெயில், எல்லாம் உண்டு. 1914ஆம் ஆண்டின் பாம்பன் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் விரிந்து உயர்ந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறும். இந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளை கையால் செய்து காட்டினால் கேட்பவர் மறப்பாரா? முதல் பாடம் தனுஷ்கோடி. அந்தப் பையன்தான் பேசப்போகிறான். இப்போது தினமும் வருகிறான்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது அந்தப் புயலை நேரில் பார்த்திருந்தால், ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்கிறோம். பணக்கஷ்டத்தால் பிள்ளையை நிறுத்த வேண்டிய நிலை வந்தால், நிறுத்தும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அறையில்தான் இருப்பேன்.

கூட்டத்திலும் நெரிசலிலும் தினமும் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிற உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்