சின்னவனுக்கு ஒரு வெள்ளிப் பல்

செங்கோட்டை
சனிக்கிழமை ராத்திரி

ஏட்டி செல்வி,

நீ மெசேஜ் போட்டு மூணு வாரமாச்சு. நான் ஒரு வரிகூட பதில் போடல. கோவமாத்தான் இருப்பே, இரு. பாப்பாவுக்கு முன்பல்லுல பழுப்பா ஒரு கோடு தெரியுது, "பால்பல்லுதான, விழுந்து முளைச்சிரும்ல"ன்னு கேட்டிருந்தே பாரு, அதைப் படிக்கிறப்ப நான் சின்னவனை மடியில வச்சுக்கிட்டு கேரளாவுல, புனலூர்ல ஒரு பல் டாக்டர் வாசல்ல உக்காந்திருந்தேன். நீ கேட்ட அதே வார்த்தையைத்தான் போன வருஷம் நானும் சொன்னேன். போன்ல ரெண்டு வரியில சொல்லி முடிக்க மனசு வரல. பிள்ளைங்க தூங்கியாச்சு, எழுதுறேன்.

வீட்டுல எல்லாரும் சுகம். சாரல் ஆரம்பிச்சாச்சு, நாலு நாளா துணி காயல. அத்தைக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கு. உங்க அண்ணனைப் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். பொண்ணு பாக்குறதைப் பத்திக் கேட்டதும் பஸ் வந்துருச்சுன்னு ஓடுனாரு, எந்த பஸ்சும் வரல. கணக்கு டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க. மேடையில அந்தக் குடையோடதான் ஏறுனாங்க. பக்கத்துல நீ இல்லாம நான் மட்டும் தனியாச் சிரிச்சேன்.

இப்ப விஷயத்துக்கு வாரேன்.

சின்னவனுக்கு அஞ்சு முடிஞ்சு அஞ்சு மாசம் ஆகுது. பொங்கல் சமயம் அவன் சோத்தை வலது கன்னத்துலயே ஒதுக்கி மெல்றதைப் பாத்தேன். கடலைமிட்டாயைக் குடுத்தா நக்கிட்டு வச்சிருதான். ராத்திரி அவன் அசந்தப்ப மொபைல் லைட்டை அடிச்சு வாயைத் திறந்து பாத்தேன் செல்வி. இடது கீழ் கடைவாய்ல ரெண்டு பல்லுக்கு நடுவுல கறுப்பா ஒரு சந்து, அதுக்குள்ள சோத்துப் பருக்கை. பின்னால உள்ள பல்லுல, மேல, மிளகு அளவுக்கு ஒரு குழி. தினம் ரெண்டு வேளை நானே பல்லு தேச்சு விடுற பிள்ளை. எனக்குக் கை நடுங்கிருச்சு.

மறுநாளே இங்க பக்கத்துல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். வெள்ளைக் கலர் ஃபில்லிங்தான் இப்ப எல்லாரும் போடுறாங்க, பல்லோட பல்லாத் தெரியும்னு சொன்னாங்க. சரின்னுட்டேன். அந்த வெள்ளை ஃபில்லிங்கை காம்போசிட்னு சொல்லுவாங்க. பிசினோட கண்ணாடித் தூளைக் கலந்து, பல்லுல வச்சு, நீல வெளிச்சத்தைக் காட்டி இறுக வைக்கிறது. நல்ல சாமான்தான். ஆனா அது ஒட்டுற வரைக்கும் பல்லுல எச்சில் படவே கூடாது. அஞ்சு வயசுப் பிள்ளை கத்துறான், துப்புறான், நாக்காலத் தள்ளுறான். ஒரு நர்ஸ் தலையைப் பிடிச்சாங்க, அவங்கப்பா காலைப் பிடிச்சாரு, கையைப் பிடிச்சது நான். "அம்மா விடுமா"ன்னு என்னைப் பாத்துத்தான் கத்தினான். எப்படியோ வச்சு முடிச்சாங்க. மூணு மாசம்கூட தாங்கல, முறுக்கு கடிக்கிறப்ப பெயந்து கையோட வந்துருச்சு. திரும்பப் போய்க் கேட்டா, "உங்க பிள்ளை ஒத்துழைக்கல, நாங்க என்ன பண்ண"ன்னுட்டாங்க. ஃபில்லிங் போனதுகூட பரவால்ல. அதுக்கப்புறம் முடிவெட்டுற நாற்காலியில உக்காரக்கூட அவன் பயந்தான். அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. அத்தை, "பிடுங்கிப் போட்டுருங்க, விழப்போற பல்லுதான"ன்னாங்க. பெரியப்பா வாயைத் திறந்து காட்டி, "இது 25 வருஷ வெள்ளி, ஆட்டமில்ல அசைவில்ல, இதையே அடைங்க"ன்னாரு. வெள்ளின்னு நாம சொல்றது வெறும் வெள்ளி இல்ல. வெள்ளி, வெள்ளீயம், செம்புத் தூளைப் பாதரசத்துல குழைச்சது. எடையில கிட்டத்தட்டப் பாதி பாதரசம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பாதரசக் கழிவுப் பிரச்சினையால 2001ல மூடினதுலேருந்து பாதரசம்னாலே எங்க வீட்டுக்காரருக்கு ஆகாது, அவர் ஒரே பேச்சுல மாட்டேன்னுட்டாரு. நான் ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன். ஜப்பான்ல மினமாட்டாங்கிற ஊர்க் கடல் மீனைத் தின்னு சனங்க பாதரச விஷத்துல முடமாப் போனாங்கல்ல, அந்த ஊர் பேர்லயே ஒரு உலக ஒப்பந்தம் இருக்கு. 2017ல நடைமுறைக்கு வந்துச்சு, நம்ம நாடும் 2018ல சேந்துருச்சு. 2022ல அந்த ஒப்பந்தத்துல உள்ள நாடுங்க கூடினப்ப, பால்பல்லுக்கும், 15 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும், கர்ப்பிணிக்கும், பால் குடுக்கிற தாய்க்கும் பாதரச ஃபில்லிங் வேண்டாம், டாக்டர் அவசியம்னு நினைச்சா மட்டும்னு முடிவெடுத்திருக்காங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. பெரியப்பா பயந்துபோய்த் தன் பல்லைத் தோண்டச் சொல்லிப்புட்டாரு. நல்லா இருக்கிற பழைய அடைப்பைத் தோண்டினா ஆவி அதிகமாக் கிளம்பும், அப்படியே இருக்கட்டும்னு பிறகு புனலூர் டாக்டரம்மா சொல்லித்தான் அவருக்குத் தூக்கமே வந்துச்சு.

டாக்டரம்மாவைக் கண்டுபிடிச்சது மதினி. புனலூர்ல, குழந்தைங்க பல்லு மட்டும் பாக்குறவங்க. ரயில்ல போனோம். பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள இருட்டினதும் சின்னவன் என் சேலையைப் பிடிச்சவன், விடவே இல்ல. பதிமூணு கண் பாலத்துல ரயில் ஏறுனதும், உள்ள இருந்து ஒரு கண்ணும் தெரியாட்டாலும், பதிமூணு வரைக்கும் சத்தமா எண்ணி முடிச்சான்.

முதல் நாள் அந்தம்மா ஒண்ணுமே பண்ணல, கேட்டியா. சின்னக் கண்ணாடியை அவன் கையில குடுத்து, "பேடிக்கண்டா மோனே, ஞான் எண்ணி நோக்கட்டே"ன்னாங்க. பயப்படாதே மகனே, நான் எண்ணிப் பாக்கட்டான்னு அர்த்தம். அவங்க மலையாளத்துல எண்ண, இவன் தமிழ்ல எண்ண, 20 வந்துச்சு. 1956 நவம்பர் வரைக்கும் நம்ம ஊரும் திருவிதாங்கூர்-கொச்சி பக்கம்தானன்னு ஆச்சி சொல்லும்ல, அந்த எண்ணிக்கையைக் கேட்டிருந்தா ஆச்சிக்கு உச்சி குளிந்திருக்கும். அப்புறம் ஒரு எக்ஸ்ரே. அவ்வளவுதான் அன்னைக்கு.

என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாங்க. ராத்திரி வலியில எந்திரிச்சு அழுதானா? ஈறுல வீக்கமோ கொப்புளமோ வந்துச்சா? ரெண்டும் இல்லன்னேன். சொத்தை இன்னும் நரம்புக்குப் போகல, எக்ஸ்ரேயும் அதைத்தான் காட்டுது, அதனாலதான் நமக்கு வழி நிறைய இருக்குன்னாங்க. ராத்திரி வலி வந்திருந்தா ஃபில்லிங் பேச்சுக்கே இடமில்ல, உள்ள இருக்கிற நரம்புக்கு வைத்தியம் பாக்கணும், இல்ல பல்லை எடுக்கணும். நான் எது நல்ல ஃபில்லிங்னு கேட்டேன். அவங்க பதிலுக்கு, இந்தப் பல்லு இன்னும் எத்தனை வருஷம் நிக்கணும், இந்தப் பிள்ளை எத்தனை நிமிஷம் வாயைத் திறந்து வச்சிருப்பான், இதைச் சொல்லுங்கன்னாங்க. செல்வி, ஆறு மாசமா நான் யார்கிட்டயும் கேக்காத கேள்வி அது. யாரும் என்கிட்டயும் கேக்கல.

கணக்கைப் பாரு. முன்னால உள்ள கடைவாய்ப் பால்பல்லு விழுறது ஒன்பது பத்து வயசுல. பின்னால உள்ளது பத்து பன்னிரண்டுல. அதுவரைக்கும் அதை வச்சுத்தான் அவன் மெல்லணும். அதோட ஆறு வயசு சுமாருக்கு அதுக்கும் பின்னால நிரந்தரக் கடைவாய்ப் பல்லு முளைக்கும். அத்தை சொன்ன மாதிரி பிடுங்கினா, பின்னால இருக்கிறது காலி இடத்துக்குச் சாயும், அடியில முளைக்க வேண்டியதுக்கு இடம் இருக்காது. பால்பல்லுல மேல் பூச்சும் நம்ம பல்லுல உள்ளதை விட ரொம்ப மெலிசு. அதனாலதான் மிளகுக் குழி சுண்டைக்காய் ஆகிறதுக்கு நாளாகாது.

மிளகுக் குழிக்கு சிமெண்ட் வச்சாங்க. நிஜப் பேர் கிளாஸ் அயனோமர், ஜி.ஐ.சி.ன்னு சொல்றாங்க. கண்ணாடித் தூளும் அமிலத் திரவமும். மூக்கு மருந்து விடுற மாதிரி ரெண்டு சொட்டு, குட்டிக் கரண்டியில தூள், வழவழ காகிதத்துல போட்டு பிளாஸ்டிக் கரண்டியால சரசரன்னு மடிச்சு மடிச்சுக் குழைச்சாங்க, தோசை மாவு இறுகின பதத்துக்கு வந்துச்சு. ஊசி இல்ல, மெஷின் இல்ல. கையால சுரண்டுற கருவியை வச்சு மெத்துன்னு ஆன சொத்தையை மட்டும் வழிச்சு எடுத்தாங்க. சிமெண்ட்டை வச்சு, விரல்ல வாசலின் தடவி, ஒரே அமுக்கு. ஒரு மணி நேரம் ஒண்ணும் திங்கக் கூடாது, அவ்வளவுதான். 1980கள்ல தான்சானியாவுல கரண்ட் இல்லாத ஊர்கள்ல பல்லைக் காப்பாத்த ஆரம்பிச்ச முறையாம் இது. இந்த சிமெண்ட் பல்லோட தானே ஒட்டிக்கிடும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாங்கும், ஃபுளோரைடைச் சிறுகச் சிறுக விடும். 2021ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே ஏறியிருக்கு. பலம் மட்டும் கம்மி, தேயும். ஒரு பக்கம் மட்டும் குழின்னா நிக்கும், ரெண்டு பல்லுக்கு நடுவுல இருந்து குடைஞ்சு வந்ததுல வச்சா இதுவும் விட்டுரும்.

அந்த நடுச்சந்துப் பல்லுக்குத்தான் அவங்க ஸ்டீல் கேப் சொன்னாங்க. நான் ஒத்துக்கல செல்வி. பிள்ளை வாயில தகரமா? சிரிச்சா பளபளன்னு தெரியுமே, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்களேன்னு வழி நெடுக அழுதேன். ஒரு வாரம் யோசிக்கிறேன்னு வந்துட்டேன். அந்த ஒரு வாரம் அவனை உத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் பளபளப்பைப் பத்தியா கவலைப்பட்டான்? இன்னொரு தடவை கையைக் காலைப் பிடிப்பாங்களான்னுதான் தினம் கேட்டான். அதுலதான் முடிவு பண்ணினேன்.

முதல்ல பல்லுக்கு ரெண்டு பக்கமும் குட்டி ரப்பர் வளையத்தைச் சொருகி அனுப்புனாங்க, சந்து கொஞ்சம் விலகுறதுக்கு. நாலு நாள் கழிச்சு வளையத்தை எடுத்துட்டு, கேப்புக்குள்ள அதே சிமெண்ட்டை நிரப்பி, பல்லு மேல வச்சு, "கடி மோனே"ன்னாங்க. கடிச்சான். டக்குன்னு ஒரு சத்தம். முடிஞ்சது. துளைக்கல, ஊசி போடல, சொத்தையைச் சுரண்டக்கூட இல்ல. உள்ள இருக்கிற கிருமிக்குச் சாப்பாடு போற வழியை அடைச்சா அது அப்படியே அடங்கிரும்ங்கிறதுதான் கணக்கு. ஸ்காட்லாந்துல நோர்னா ஹால்னு ஒரு பல் டாக்டரம்மா இப்படிச் செஞ்சு பாத்ததால, அவங்க பேர்லயே ஹால் முறைன்னு சொல்றாங்க. கேப்புல நிக்கல் இருக்கு, கவரிங் கம்மல் போட்டா அரிக்கிற உடம்பான்னு முதல்லயே கேட்டுக்கிட்டாங்க. முதல் ரெண்டு வாரம் கடி தூக்கலா இருந்துச்சு, பயந்தேன், தானாச் சரியாயிருச்சு. இப்ப சாருக்கு அது "ரோபோ பல்லு". தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்திக் காட்டுதான்.

இப்ப நீ கவனமாப் படி. பாப்பாவை வெளிச்சத்துல வச்சு மேல் உதட்டைத் தூக்கிப் பாரு. ஈறு ஓரமா சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு இருந்தா அதுதான் சொத்தையோட ஆரம்பம். அந்த நிலையிலேயே ஃபுளோரைடு வார்னிஷ் தடவி நிறுத்திரலாம், அடைக்கவே வேண்டியதில்ல. பழுப்பாகி மெத்துன்னு இருந்தா டாக்டர் ஒரு வெள்ளி மருந்து தடவலாம்னு சொல்லுவாங்க, பெரியப்பாவோட பாதரச வெள்ளி இல்ல, சொட்டுத் திரவம். சொத்தை நிக்கும், ஆனா அந்த இடம் கரிக்கட்டை மாதிரி கறுத்துரும். முன்பல்லுங்கிறதால முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், பாத்துட்டு அலறாதே. அதோட நீ இருக்கிறது தருமபுரி. ஒகேனக்கல் தண்ணி வராத நாள்ல போர் தண்ணி குடிக்கிறதா எழுதியிருந்தே. உங்க பக்கத்துத் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி, பல்லுல கறை விழும். கறையா சொத்தையான்னு நீயும் நானும் பாத்துச் சொல்ல முடியாது, டாக்டர்தான் சொல்லணும். பேஸ்ட் மூணு வயசுக்குக் கீழன்னா அரிசி அளவு, மேலன்னா பட்டாணி அளவு போதும், முழுங்க விடாதே.

இன்னொண்ணு. உனக்கு மட்டும்தான் சொல்றேன். சின்னவனுக்கு மூணு வயசு முடியுற வரைக்கும் ராத்திரி பால்புட்டியை வாயில வச்சுத்தான் தூங்க வச்சேன். சீனி கெடுதல்னு கருப்பட்டி போட்டேன், உடன்குடியிலேருந்து வரவழைச்சு. பல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதான் செல்வி, கிருமிக்கு வித்தியாசம் தெரியாது. தூங்குறப்ப எச்சில் ரொம்பக் கம்மியாத்தான் ஊறும், இனிப்பு விடிய விடிய பல்லுல நிக்கும். யாரும் எனக்குச் சொல்லித் தரல. பாப்பா இன்னும் புட்டியோடதான் தூங்குறாள்னு உங்க அம்மா சொன்னாங்க. இன்னைக்கே நிறுத்து. நாலு நாள் அழுவா, தூக்கி வச்சுக்கிட்டு நட. தாகம்னா தண்ணி குடு.

குற்றாலத்துல ரம்புட்டான் வந்தாச்சு. அண்ணன் அடுத்த வாரம் சேலம் வாராரு, ரெண்டு கிலோ குடுத்து விடுறேன். சித்திக்குக் கண் ஆபரேஷன் என்னைக்குன்னு எழுது. பல்லை போட்டோ எடுத்து அனுப்பு, உதட்டைத் தூக்கி எடு, மங்கலா எடுக்காதே.

உன்
மல்லி