வேட்டையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஏறு பரணைப் பற்றித்தான்; அதாவது உட்காரும் மேல்பகுதியையும் பாதம் ஊன்றும் கீழ்ப்பகுதியையும் மாற்றி மாற்றி நகர்த்தி மரம் ஏறும் பரண். காரணம் உங்களுக்கே தெரியும்.

மான் பருவத்தின் தொடக்கத்தில், விடிவதற்கு முன் மரம் ஏறிக்கொண்டிருந்த நம் உறுப்பினர் ஒருவரின் காலிலிருந்து பரணின் கீழ்ப்பகுதி கழன்று தரைக்குப் போய்விட்டது. மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் கயிறு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை முன்பே அவிழ்த்து வைத்திருந்தார். கயிறு இருந்திருந்தால் கீழ்ப்பகுதி எட்டும் தூரத்தில் தொங்கியிருக்கும்; காலாலேயே மேலே இழுத்திருக்கலாம். நல்லவேளையாக முழு உடல் ஹார்னஸ் (விழுந்தால் ஆளைத் தாங்கும் வார்க் கவசம்) அணிந்து, தரையில் நிற்கும்போதே அதை மரத்தோடு மாட்டியிருந்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஹார்னஸ் தாங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கும். மயக்கம் வரும், உயிரும் போகலாம். அவர் ஹார்னஸோடு வந்த தொங்கல் நிவாரணப் பட்டையை விரித்து, அதில் பாதத்தை ஊன்றி எடையை மாற்றி மாற்றி நின்றார். போன் சட்டைப்பையில் இருந்தது. எங்கே வேட்டைக்குப் போகிறார், எப்போது திரும்புவார் என்று வீட்டிலும் சொல்லியிருந்தார். போன் முதுகுப்பையில் இருந்து, பை மரத்தடியில் கிடந்திருந்தால் கதை வேறு.

இதற்குப் பிறகு கூட்டிய பயிற்சி நாளுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். பகல் வெளிச்சத்தில், இடுப்பளவு உயரத்துக்கு மேல் போகாமல் எல்லோரும் ஏறி இறங்கினோம். அங்கே அதிகம் பேசப்பட்டது மரத் தேர்வு. உயிருள்ள, நேரான, தாழ்ந்த கிளை இல்லாத மரம் வேண்டும். பட்டை உரியும் ஹிக்கரி வகை ஆகாது. பரணின் பல் பிடித்த மரப்பட்டையே கையோடு வந்துவிடும். வழுவழுப்பான பட்டையுள்ள பீச் மரம் மழை நாளில் நம்பத்தக்கதல்ல. மேலே போகப் போக அடிமரம் மெலிவதால், தரையில் பரணைப் பொருத்தும்போது அதன் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கீழே மட்டமாக வைத்தால் மேலே போனதும் முன்பக்கம் சாய்ந்துவிடும். அங்கே நின்று, பரணை மரத்தோடு பிடித்திருக்கும் கேபிளைச் சரிசெய்ய முயல்வதுதான் மிகப் பெரிய முட்டாள்தனம். இறங்கி வந்து மறுபடி பொருத்துங்கள்.

இடுப்புப் பட்டை ஒன்றே போதும், இத்தனை வருடம் அப்படித்தான் ஏறினோம் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வாதிட்டார்கள். அவர்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் விழும்போது அந்தப் பட்டை மார்புக்கு ஏறி மூச்சை இறுக்கும், அல்லது ஆள் தலைகீழாகத் தொங்குவார். புதிய பரண்களின் பெட்டியிலேயே ஹார்னஸ் வருகிறது. அதைப் பெட்டியிலேயே விட்டுவைப்பவர்களும் நம்மிடம் உண்டு!

வாதத்துக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானம் இது: சங்க நிலத்தில் பரண் ஏறுபவர், கால் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தரையில் படும்வரை மரத்தோடு இணைந்தே இருக்க வேண்டும். மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்கிறேன் என்பது ஏற்கப்படாது, ஏனென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழ வாய்ப்பு அதிகம். மரத்தைச் சுற்றிய கயிற்றின் பிரூசிக் முடிச்சை (கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகும் முடிச்சு) ஏற ஏறத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அது தலைக்கு மேலேயே இருக்கட்டும். உட்கார்ந்த நிலையில், ஹார்னஸை அந்தக் கயிற்றோடு சேர்க்கும் இணைப்பு வாரில் தொய்வு இருக்கக் கூடாது.

துப்பாக்கி விஷயத்தில் சர்ச்சை இல்லை. தோட்டா நீக்கி, சேம்பரை (தோட்டா இருக்கும் அறையை) திறந்து பார்த்த பிறகே, துப்பாக்கியை மேலே இழுக்கும் இழுகயிற்றில் கட்ட வேண்டும், குழல் வாய் ஏறுபவரை நோக்காமல். இறங்கும்போதும் அப்படியே. வில்லாளிகள் அம்பு முனைகளை மூடிய கூட்டில் வைக்க வேண்டும்.

பரணில் எழுதியிருக்கும் எடை வரம்பு, பெரும்பாலும் 300 பவுண்டு, உங்கள் உடம்புக்கு மட்டும் அல்ல. குளிர் உடை, பை, ஆயுதம் எல்லாம் அதில் அடக்கம்.

அடுத்த பருவத்துக்கு முன் ஹார்னஸ் சோதனை நாள் ஒன்று வைக்கிறோம். வெயிலில் வெளுத்த பட்டை, பிரிந்த தையல், எலி கடித்த வார் எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸைச் சோதிக்கவே வேண்டாம், வெட்டி எறிந்துவிடலாம். காலாவதியானதை விற்பதோ இளையவர்களுக்குக் கொடுப்பதோ வேண்டாம். புதிதாக வாங்கச் சிரமப்படுபவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து பாதி விலை தரலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொருளாளர் கணக்கை வாசித்த பின் இது வாக்கெடுப்புக்கு வரும்.

இப்படிக்கு,
செயலாளர்